வேண்டுதலுக்கு ஒரு அமெண்ட்மெண்ட்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது, கோயிலில் முடியிறக்கும் கொட்டகையில். பலகையில் உட்கார்ந்திருந்தது நானில்லை. மெக்சிகோவிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர். அவரும் மொட்டை போட வரவில்லை என்பது, தலையை நனைத்துக் கத்தியில் புது பிளேடு மாட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தப்பு என்னுடையதுதான். நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையர் அனுப்பும் மெயிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அந்த வேலை. இன்ஸ்பெக்டர் வந்தது ஆண்கள் டீ-சர்ட் ஆர்டர் ஒன்றைக் கடைசியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட. மூன்று நாள் வேலை. மெரூன் கலர் லாட்டில் ஷேட் மாறிப்போய், துணி திரும்ப டையிங்குக்குப் போய், மனிதர் இரண்டு வாரம் இங்கேயே மாட்டிக்கொண்டார்.

ஐம்பது வயதுக்குப் பக்கம். நிறத்தில் என்னைவிட ஒரு ஷேட் கூடுதல், ஆனாலும் எங்கள் டிரைவர் அண்ணனுக்கு அவர் 'வெள்ளக்காரரு'. கழுத்தில் எப்போதும் இரண்டு தொங்கும்: ஒன்று இஞ்சு டேப், இன்னொன்று மாதா டாலர். எலுமிச்சம்பழம் பிழியாமல் எதையும் வாயில் வைக்கமாட்டார், தயிர்சாதம் உட்பட. பச்சை மிளகாயை அப்படியே கடிப்பார். அதைப் பார்த்துத்தான் டிரைவர் அண்ணன் அவருக்கு ரசிகரானார்.

நான் ரசிகனாவதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை. எதையும் உடனே பற்றிக்கொள்கிற ஆள் நான். அவர் வந்த இரண்டாவது நாளே போனில் ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் ஆப்பை ஏற்றிவிட்டேன். 'ஆப்பிளை அந்தப் பெண் சாப்பிடுகிறாள்' வரைக்கும் வந்திருந்தேன். அவரும் எங்களிடமிருந்து 'சரிங்க', 'போதுமுங்க', 'சித்த இருங்க' எல்லாம் பிடித்துக்கொண்டார். அதுதான் வினையாகிப்போனது.

கார்த்திகை கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அவர் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தார். நாளைக்கு அவர்கள் ஊரில் குவாதலூப்பே மாதா திருநாளாம். வருடா வருடம் கோயிலுக்கு நடந்தே போவாராம். இந்த வருடம் மெரூன் கலரால் எல்லாம் போச்சு என்றவர், தலையைத் தடவிக்கொண்டே, நாளைக்கு எப்படியாவது 'மண்டா' செலுத்த வேண்டும், இங்கே எங்கே முடியும் என்று கேட்டார்.

செலுத்துவது என்றார், தலையில் கை வைத்தார், மண்ட என்றார். டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுத்த தமிழ் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் மண்டையை மண்ட என்றுதான் சொல்வோம். மண்டையைச் செலுத்துவதென்றால் வேறு என்ன அர்த்தம்?

"ஏனுங்க தம்பி, நெசமாலுமே மொட்டை போடறாருங்களா?" என்று டிரைவர் அண்ணன் இரண்டு முறை கேட்டார். அவர் கண் கலங்கியே விட்டது. பழனி தூரம், ஒரு மணி நேரத்தில் இருக்கும் முருகன் மலைக்கே போய்விடலாம் என்று அவரே முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடிவாரத்துக் கொட்டகையில் பலகையில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றியபோது மெக்சிகோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றுவது அவர்களிடமும் உண்டு. கழுத்தை நன்றாகவே வளைத்துக் கொடுத்தார். பிளேடு உறை பிரிகிற சத்தத்தில் கண்ணைத் திறந்தார். கத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் வலிக்காதுங்க சார்," என்றார் டிரைவர் அண்ணன்.

அதன் பிறகு பத்து நிமிடம் கையாலும் இங்கிலீஷாலும் பேசித் தீர்த்தோம். மண்டா என்பது அவர்கள் பாஷையில் தலை இல்லை. மாதாவிடம் ஒன்றைக் கேட்டு, அதற்குப் பதிலாக ஒன்றைச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுப்பது. நம் நேர்த்திக்கடன். இதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உலகத்தின் அந்தப் பக்கத்திலும் தெய்வத்தோடு பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முடியிறக்குகிறவருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. "அப்ப ஆருங்க உக்கார்றது? பிளேடு மாட்டியாச்சு," என்றார். சாமி பேரில் மாட்டிய பிளேடைச் சும்மா கழற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு, டிரைவர் அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டு தானே போய் உட்கார்ந்தார். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ, இன்றுவரை அவர் சொல்லவில்லை.

ஆக, ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவர் முடி இறங்கிக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் கொட்டகை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதையும் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுகிறவன் இல்லை நான். அப்படி என்ன சார் கேட்டீங்க மாதாகிட்ட என்று நோண்டினேன்.

அவர் ஒரு லாட்டின் குறைகளைப் படிப்பதுபோலத்தான் சொன்னார். பதினேழு வயதில் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பையன்களைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதை என்னிடமிருந்து எடுத்துவிடு. எடுத்தால் வருடம் தவறாமல் நடந்து வருகிறேன், கடைசித் தூரத்தை முழங்காலிலேயே கடக்கிறேன். மாதா எடுக்கவில்லை. ஆனால் இவர் நடந்தார். கல் தரையில் முழங்கால் தோல் உரிய ஒன்பது வருடம் போனார். நாம் சரியாகக் கேட்கவில்லையோ, இன்னும் கொஞ்சம் வலித்தால் கேட்பாளோ என்று ஒவ்வொரு வருடமும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், டிரைவர் அண்ணன் தலையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

பத்தாவது வருடம் கூட ஒருவர் நடந்தாராம். இவருடைய தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து அவரே சுமந்தாராம். மாதா முன்னால் போய் முழங்காலிட்டபோது இவருக்குக் கேட்க வாய் வரவில்லை. நன்றி என்ற ஒரு சொல்தான் வந்தது. வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருட வாக்கை முறித்துவிட்டோமே என்று.

"திரும்ப உள்ளே போனேன். நான் கேட்டதை மாற்றிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று சொன்னேன். ஆர்டரை..." சரியான வார்த்தைக்காக விரலைச் சொடுக்கினார்.

"அமெண்ட்மெண்ட்," என்றேன்.

"அதேதான். பையர் அதே, டெலிவரி தேதி அதே. ஸ்டைல் மட்டும் மாறுகிறது."

எங்கள் வேலையில் இது தினப்படி நடப்பது. ஆர்டர் கொடுத்த பிறகு பையருக்கு மனசு மாறும். காலர் வேண்டாம் என்பார், பாக்கெட் வை என்பார். அதற்காக ஆர்டர் கேன்சல் ஆகாது. அதே நம்பர்தான், பின்னால் ஒரு எழுத்து மட்டும் சேரும். வருடத்துக்கு எத்தனையோ அமெண்ட்மெண்டுகளை நானே கைப்பட அடித்து அனுப்புகிறவன். ஒரு வேண்டுதலையும் அப்படி மாற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏனென்றால் என்னிடமும் ஒன்று இருந்தது.

நாங்கள் நெசவுக் குடும்பம். எங்களுக்கு எல்லாம் முருகன்தான். அப்பா இறந்து, நான் பிளஸ் ஒன் போன வருடம், பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன் என்று நானாகவே அம்மாவிடம் சொன்னேன். மார்க்குக்காக வேண்டிக்கொண்டேன் என்று அம்மா நினைத்தார், பிறகு வேலைக்காக என்று நினைத்தார். வீதி முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். நான் கேட்டது, என்னையும் மற்ற பையன்கள் மாதிரி ஆக்கிவிடு என்பதுதான். ஆக்குகிற வரைக்கும் வருடா வருடம் நடக்கிறேன். எட்டு வருடம் நடந்திருந்தேன்.

அந்த நாட்களை நான் விரும்பினேன் என்பதையும் சொல்லவேண்டும். மாலை போட்டுவிட்டால் பெயர் கிடையாது, எல்லோருமே சாமி. டீக்கடைக்காரர் சாமி என்பார், கண்டக்டர் சாமி என்பார். கல்யாணப் பேச்சு, கேலிப் பேச்சு எதுவும் பக்கத்தில் வராது. ஆனால் இருநூறு ஆண்களோடு நடந்து, மண்டபத்தில் வரிசையாகப் படுக்க வேண்டும். மூன்றாவது வருடம் என் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. அருள்புரத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்த ஒரு சாமி, சாலையோரப் புளியமரத்தடியில் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஊக்கு நுனியால் மெதுவாக நெம்பி எடுத்தார். எடுத்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வலிக்குதுங்களா சாமி?"

"ஆமாங்க சாமி."

வலிக்கவில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவேண்டும் போலிருந்தது. அதற்காகவே அந்த வருடம் மலையேறியதும் இரண்டு மடங்கு அழுது மன்னிப்புக் கேட்டேன். முள் எடுத்துவிட்ட ஒரு நல்ல மனிதரின் கைக்காக.

இதில் எதையும் அந்தக் கல்லில் உட்கார்ந்து நான் சொல்லவில்லை. "நானும் அதைத்தான் கேட்டேன் சார்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, மனிதர் ஒருவரிடம்.

அவர் அதிர்ச்சியடையவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. "எத்தனை வருடம்?" என்றார்.

"எட்டு."

"எனக்கு ஒன்பது ஆனது. நீ என்னைவிட ஒரு வருடம் புத்திசாலி."

சிரித்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்த டிரைவர் அண்ணன், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று கோபித்துக்கொண்டார்.

மெக்சிகோக்காரர் தன் மண்டாவை அந்த மலைப்படியிலேயே செலுத்தினார். நடப்பதுதான் கணக்கு, எங்கே நடக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்றார். ஷூவைக் கழற்றி டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலில், அரோகரா சொல்கிறவர்களுக்கு நடுவே, மாதா டாலரைக் கையில் பிடித்தபடி ஏறினார். மேலே விபூதி கொடுத்தபோது கையேந்தி வாங்கிப் பூசிக்கொண்டார். எங்களுக்கும் சாம்பல் உண்டு, வருடத்தில் ஒரே நாள் என்றார்.

இறங்கும்போது நான் விடவில்லை. உங்கள் சாமியார்கள் ஒத்துக்கொண்டார்களா, சர்ச்சில் இப்போது எப்படி, வீட்டில் எப்படி என்று படிக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வரவில்லை. பூசையில் அப்பம் வாங்கும் வரிசையில் அவர் நிற்பதில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்போது, அவரும் அன்று கூட நடந்தவரும் பெஞ்சிலேயே முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போங்கள் என்று யாரும் சொன்னதில்லை, வாங்க என்றும் சொன்னதில்லை. அவருடைய அப்பா சாகும்வரை அவரோடு பேசவில்லை. "அவள் மட்டும்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை," என்று டாலரைக் காட்டினார். "அதனால்தான் நடக்கிறேன்."

அடுத்த வாரம் மெரூன் லாட் பாஸானது. கையெழுத்துப் போடும்வரை அவர் எங்கள் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். இன்ஸ்பெக்டர்களுக்கு அப்படிச் சட்டம். போட்ட அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்.

அம்மா அருள்புரத்தில் ஒரு யூனிட்டில் பதினைந்து வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறார். தைத்து வரும் பீஸைப் பிரித்து, திருப்பி, தையல் விட்ட இடம், ஆயில் கறை எல்லாம் பார்த்து ஒதுக்குவது. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அரிசிம்பருப்பு சாதத்தில் அவர் எலுமிச்சம்பழம் பிழிவதைக்கூட அம்மா மன்னித்துவிட்டார். அவர் நெய்க்காகக் குனிந்தபோது சட்டையின் அடிமடிப்பில் கண் நின்றுவிட்டது.

"கண்ணு, சாரு சட்டையில ஒரு தையல் உட்டுப்போயிருக்குது. சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். அவர் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். பையிலிருந்து, குறையுள்ள பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்துத் தன் சட்டையில் தானே ஒட்டிக்கொண்டு, அம்மாவுக்குக் கைகூப்பினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

சாப்பிட்ட பிறகு அம்மா, எல்லா அம்மாக்களும் கேட்பதையே கேட்டார். கல்யாணம் ஆயிருச்சுங்களா, எத்தனை குழந்தைங்க. நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு சர்ச் வாசல் படியில் அவரும், நரைத்த மீசைக்காரர் ஒருவரும், நடுவில் ஒரு நாயும்.

"இது ஆருங்க?" என்றார் அம்மா.

அவர் என்னை எதிர்பார்க்காமல் நேராக இங்கிலீஷிலேயே சொன்னார்: "மை பார்ட்னர்."

அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்கக் கம்பெனி இங்கிலீஷ். இந்த ஊரில் பார்ட்னர் இல்லாத ஆளே கிடையாது.

"பார்ட்னருங்களா? என்ன யூனிட்டு வெச்சிருக்காங்க? நிட்டிங்கா, டையிங்கா?"

நான் விளக்குவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. எத்தனை வருடமாக என்று அம்மா கேட்கச் சொன்னார். இருபத்திரண்டு என்றார் அவர்.

"இருவத்திரண்டு வருசம் ஒடையாத பார்ட்னர்சிப்பா? இங்க ரெண்டாவது வருசமே கோர்ட்டுக்குப் போயர்றாங்க. சண்டையே வராதாமா?"

தினம் வரும் என்றார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது பற்றி. அதை மொழிபெயர்த்த பிறகுதான் கட்டில் என்ற சொல்லைச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உறைத்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஒரே ஊட்டுலதான் இருக்காங்களா?"

"ஆமாங்கம்மா."

"அதும் நல்லதுதான். ஒருத்தருக்கு ஒடம்புக்குச் சேரலீன்னா இன்னொருத்தரு பாத்துக்குவாங்க."

அவர் அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். நிட்டிங், டையிங் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசி வரியைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோய், அம்மா முகத்தையே பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும், "எப்போது திருத்தவேண்டுமோ அப்போது திருத்து. இது உன் வீடு," என்றார். அன்று மாலை கோயம்புத்தூரில் விமானம் ஏறிவிட்டார்.

நான் திருத்தவில்லை. அதற்கான விலை ஒரே வாரத்தில் வந்தது. அந்த இருபத்திரண்டு வருடம் அம்மா மனதில் ஆழமாக இறங்கிவிட்டது. செக்கிங் டேபிளில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில் எல்லாம் அந்தப் பார்ட்னர்களைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் பேச்சு என்னிடம் வந்து நின்றது. ஊர் பேர் தெரியாத ஆம்பளைங்க ரெண்டு பேரே ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கறாங்க, எம் பையனுக்கு ஒரு துணை வேண்டாமா என்றார். மார்கழியில் பெண் பார்க்கும் பேச்சு எடுக்கக்கூடாதுதான். ஆனால் சாமியிடம் கேட்பதற்கு மாதமெல்லாம் கிடையாது. பூ கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

எங்கள் வீதி முருகன் கோயிலில் அது வழக்கம். வெள்ளை அரளி ஒரு வாழையிலைத் துண்டில், சிவப்பு அரளி இன்னொன்றில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். மனதில் கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். இடம் வாங்குவது முதல் ஆபரேஷன் வரை எங்கள் ஆட்கள் இப்படிக் கேட்காமல் செய்யமாட்டார்கள். நான் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவன். இரண்டு பொட்டலத்தில் ஒன்று, பாதிக்குப் பாதி, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் குளித்துவிட்டுப் போனேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ வேண்டினார். பூசாரி யார் எடுப்பது என்றார். "அவனே எடுக்கட்டுமுங்க. அவன் சமாச்சாரந்தானே," என்றார் அம்மா.

பெண் பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. நானும் அதையே நினைக்கவேண்டும். சிவப்பு வந்துவிட்டால் ஒரு வருடம் தப்பித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு குனிந்தேன். ஆனால் கை போகும்போது மனதில் ஓடியது வேறு. அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாகக் கேட்ட கேள்வியில்லை இது. நானாகக் கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தானாக வந்தது.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றி, பாதியைக் கிள்ளித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, மீதியை எட்டி என் காதில் வைத்தார். "உத்தரவு கெடச்சிருச்சு கண்ணு," என்றார்.

"ஆமாங்கம்மா," என்றேன். பொய் இல்லை. ஒரே பூவில் இரண்டு பேருக்கும் உத்தரவு கிடைத்திருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே அம்மா அடுத்ததைச் சொன்னார். வெள்ளை வந்தால் இந்தத் தைப்பூசத்துக்குத் தானும் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாராம். இத்தனை வருடம் என்னைச் சாலைவரை வந்து அனுப்பிவைத்தவர், இந்த முறை கூடவே வருகிறார். மலையிறங்கி வந்ததும் ஜாதகத்தை எடுத்துக் கொடுக்கப்போகிறார். ஆக, எனக்கிருப்பது அந்த மூன்று நாள் நடைதான். ஜாதகம் வெளியே போய்விட்டால் இன்னொரு வீட்டுப் பெண்ணும் இதற்குள் வந்துவிடுவாள். அவளை ஏமாற்றுவதற்குச் சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

எதைச் சொல்வது என்பதில் குழப்பமில்லை. எந்த வார்த்தையில் என்பதுதான். அவசர அவசரமாகத் தேடினேன், என் வழக்கம்போல. பேப்பரில் எழுதுகிற சொல் இருக்கிறது. அதை அம்மாவிடம் சொன்னால் ஏதோ வியாதி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று நினைப்பார். கம்பெனியில், பஸ்ஸில் சொல்கிற சொற்கள் இருக்கின்றன. அவை எல்லாம் வசவு; ஒன்றைக்கூட அம்மா எதிரில் வாயில் எடுக்க முடியாது. மெக்சிகோக்காரருக்கு எழுதிக் கேட்டேன். அவர் ஊரிலும் அப்படித்தானாம். அவர் தன் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை, ஒருவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இவர்தான் என்றாராம். எனக்கு அப்படிக் கூட்டிப்போக இப்போதைக்கு யாரும் இல்லை. ஆகவே பெயர்ச்சொல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாக்கியமாகவே சொல்லப்போகிறேன். எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வரலீங்கம்மா, பசங்க மேலதான் வருது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இடத்தையும் பார்த்துவைத்திருக்கிறேன். முதல் நாள் வேண்டாம், அம்மாவுக்குக் கால் பழகியிருக்காது. பழனி கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலும் வேண்டாம். மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னால் சாமியைச் சாட்சிக்கு இழுத்து அம்மாவை மடக்குவதுபோல ஆகிவிடும். இரண்டாம் நாள் காலை, குண்டடம் வருவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால். வெயில் ஏறியிருக்காது, கூட்டம் முன்னால் போயிருக்கும். முக்கியமாக, குண்டடத்தில் திருப்பூர் பஸ் நிற்கும். சொன்ன பிறகு என் கூட நடக்க முடியவில்லை என்றால் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். கேட்டுவிட்டார் என்பதற்காக மீதித் தூரத்தையும் என் பக்கத்திலேயே நடந்து தீர்க்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கக்கூடாது. நடந்தால் அவராக நடக்கவேண்டும்.

மாலை போட இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இன்று காலை அம்மா வேலைக்குப் போன பிறகு அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். 'வரலீங்கம்மா' வரைக்கும் நன்றாக வந்தது, அதற்கப்புறம் குரல் இறங்கிப்போனது. நாளைக் காலை மீதிப் பாதியையும் சேர்த்து, நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கவேண்டும்.